ஹார்ஸ்ஷூ ஏரிக்குப் போகிறீர்களா? பயப்பட வேண்டியது தண்ணீருக்கு அல்ல

கலிஃபோர்னியாவின் மாமத் லேக்ஸ் ஊருக்கு மேலே, சுமார் 2,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஹார்ஸ்ஷூ ஏரி. கரையோரம் ஒரு காடே வெளிறிப்போய், பட்ட மரங்களாக நிற்கிறது. அதைப் பார்த்ததும் பலரும் கேட்பது, "தண்ணீரில் விஷமா?" என்றுதான். தண்ணீரில் கோளாறு இல்லை, கோடையில் அதில் நீந்துகிறார்கள். வில்லங்கம் கரை மண்ணில் இருக்கிறது.

1989-இல், ஏரியை ஒட்டியிருக்கும் எரிமலையான மாமத் மலைக்கு அடியில் சிறுசிறு நிலநடுக்கங்கள் மாதக்கணக்கில் தொடர்ந்தன. அடுத்த ஆண்டே மரங்கள் பட்டுப்போக ஆரம்பித்தன. முதலில் வறட்சியையும் பூச்சிகளையும் சந்தேகித்தார்கள். பிறகு மண்ணுக்குள் இருக்கும் வாயுவை அளந்தபோதுதான் உண்மை தெரிந்தது. வழக்கமாக ஒரு விழுக்காட்டை ஒட்டி இருக்கவேண்டிய கார்பன் டை ஆக்சைடு, மரங்கள் பட்ட இடங்களில் 20 முதல் 95 விழுக்காடு வரை இருந்தது. எரிமலைக்கு அடியிலிருந்து கசிந்த வாயு, வேர்களுக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் செய்து மரங்களைக் கொன்றிருக்கிறது.

"திறந்தவெளிதானே, காற்று அடித்துக்கொண்டு போய்விடாதா?" என்று நினைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. நின்ற உயரத்தில் அது பெரும்பாலும் சரி. ஆனால் இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. பள்ளம் கண்ட இடத்தில் தண்ணீர்போலத் தேங்கும். நிறமும் மணமும் இல்லாததால், மூக்கை நம்பிப் பயனில்லை. பட்ட மரங்களுக்கு நடுவே குழியில் இறங்குவது, மண்ணைத் தோண்டி விளையாடுவது, தரையில் படுத்து ஓய்வெடுப்பது எல்லாமே வேண்டாத வேலை. குழந்தைகளும் நாய்களும் தரைக்குப் பக்கத்தில் மூச்சுவிடுபவர்கள். அவர்கள்மேல் கூடுதலாக ஒரு கண் இருக்கட்டும். அந்தப் பகுதியில் இரவு தங்கத் தடை இருப்பதும் இதனால்தான். இன்னொன்று: வேர் செத்த மரம் காற்றடித்தால் சாயும். அதன் அடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டாம்.

இரண்டாவது தவறு எனக்கு இன்னும் கவலை தருகிறது. தலைவலி, மூச்சிரைப்பு, படபடப்பு வந்தால் "உயரம் ஒத்துக்கொள்ளவில்லை" என்று அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். வாயு தாக்கினாலும் அறிகுறிகள் இவையேதான். எது காரணம் என்று ஆராய வேண்டாம். உடனே எழுந்து, காற்றோட்டமுள்ள மேட்டுப் பக்கம் போய்விடுங்கள். வாயுவின் அளவு 30 விழுக்காட்டைத் தாண்டினால் நினைவு தப்பவும் உயிர் போகவும் அதிக நேரம் பிடிக்காது.

வீட்டில் மாட்டும் கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கையோடு கொண்டுபோனால் போதும் என்று சிலர் நினைக்கலாம். அது வேறு வாயுவுக்கானது, இதைக் காட்டாது. நெருப்புக் குச்சி கொளுத்திப் பார்ப்பதும் வீண். மனிதர் மயங்கும் அளவிலும் சுடர் எரியக்கூடும். காட்டுத்தீ அபாயம் வேறு.

பனிக்காலத்தில் கணக்கே மாறிவிடும். சாலை மூடப்பட்டிருக்கும், பனிச்சறுக்குக் கட்டைகள் போன்றவற்றில்தான் போக முடியும். பனி மூடிபோல் கிடப்பதால் வாயு அதற்கடியில் சேர்ந்துகொண்டே இருக்கும். 1990-இல் ஏரிக்கு அருகே பனி மூடிய ஒரு சிறு குடிலுக்குள் நுழைந்த வனக்காவலர் மூச்சுத்திணறித் தப்பித்தார். மரத்தைச் சுற்றி விழும் பனிக்குழிகள், பனியைத் தோண்டி அமைக்கும் தங்குமிடங்கள் இரண்டையும் இங்கே தவிர்த்துவிடுங்கள்.

யாராவது குழிக்குள் விழுந்தால் பின்னாலேயே இறங்காதீர்கள். 2006-இல் இதே மலையின் பனிச்சறுக்குச் சரிவில், எரிமலை வாயுத் துளை ஒன்றின்மேல் இருந்த பனி உடைந்து மீட்புக்குழுவினர் இருவர் உள்ளே விழுந்தார்கள். காப்பாற்ற இறங்கிய மூன்றாமவரும் அவர்களோடு இறந்தார். பனிச்சறுக்குச் சரிவுகளைப் பாதுகாப்பதையே வேலையாகக் கொண்டவர்கள் அவர்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, மலை வெடிக்கப்போகிறது என்று பயணத்தை ரத்து செய்வதும் தவறுதான். வாயுக் கசிவை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. கோடையில் எச்சரிக்கைப் பலகைகளை மதித்து, பட்ட மரங்களுக்கிடையே பாதையை விட்டு விலகாமல் நடந்தால் பக்கத்திலுள்ள மெக்லவுட் ஏரிவரை தாராளமாகப் போய்வரலாம்.