விலை பேசும் முன் உச்சத் தொகையை எழுதி வையுங்கள்

பிடித்துப்போன வீட்டுக்கு விலை பேசப் போவதற்கு முந்தின நாள் இரவே, 'இதற்கு மேல் கிடையாது' என்ற தொகையை ஒரு தாளில் எழுதி, சேர்ந்து வாங்கும் இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். பக்கத்திலேயே அதற்கு மாதத் தவணை எவ்வளவு வரும் என்பதும் இருக்கட்டும்.

பேச்சு சூடானால், 'இன்னொருத்தர் அதிகம் தரத் தயார்' என்ற ஒரு வார்த்தை போதும், போட்ட கணக்கெல்லாம் மறந்துபோகும். கொஞ்சம்தானே என்று ஏற்றுவது உண்மையில் கொஞ்சமில்லை: 8 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடன் என்றால், கூடுதலாக வாங்கிய கடனுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு கட்டியிருப்பீர்கள். இன்னொரு லாபமும் உண்டு, எனக்கு அதுதான் பெரிது. வீடு கைநழுவினால் 'இன்னும் கொஞ்சம் ஏற்றியிருக்கலாமோ' என்று ராத்திரி புரண்டு படுக்க வேண்டாம். 'உன்னால்தான் போச்சு' என்ற சண்டையும் வராது. நிதானமாக இருந்தபோது இருவரும் சேர்ந்து போட்ட எண் அல்லவா அது.

முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்ட பிறகு இது உதவாது. அங்கே ஒப்பந்த விதிகள்தான் பேசும். விலகினால் என்ன இழப்பு என்று வக்கீலிடம் கேளுங்கள். பத்திரத்தில் சிக்கல், கடன் மறுப்பு என்று கைவிட்டுப் போன வீட்டுக்கும் இது மருந்தல்ல. அப்புறம், வட்டியோ வருமானமோ மாறினால் தொகையைத் தாராளமாக மாற்றி எழுதலாம். தரகர் எதிரில் உட்கார்ந்துகொண்டு மட்டும் திருத்தாதீர்கள்.