பிறேக் அழுத்த சென்சர் பழுதைக் கண்டறியும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் கார் வைத்திருப்பவர்களிடம் ஒரே முறைப்பாட்டை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஏ.பி.எஸ். (திடீரென மிதிக்கும்போது சில்லுகள் இறுகாமல் காக்கும் அமைப்பு) விளக்கு எரிந்தது, கராச்சில் பழுதுக் குறியீட்டை வாசிக்கும் ஸ்கானரைப் பொருத்திப் பார்த்தார்கள், பிறேக் ஒயிலின் அழுத்தத்தை அளக்கும் பிறேக் அழுத்த சென்சர் என்று வந்தது, கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பாவித்த பாகம் ஒன்றை எடுப்பித்துப் பூட்டினார்கள், இரண்டு கிழமையில் விளக்கு மறுபடியும் எரிந்தது. என்னுடைய காருக்கும் இதுவேதான் நடந்தது. கடைசியில் பார்த்தால் சென்சரில் ஒரு குறையும் இல்லை; அதன் பிளக்கினுள் ஓர் ஊசியில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது.

ஸ்கானர் காட்டும் குறியீட்டைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதே முதல் தவறு. உதாரணமாக, டொயோட்டா வாகனங்களில் வரும் சி1246 என்ற குறியீடு மாஸ்டர் சிலிண்டர் (மிதியின் விசையை பிறேக் ஒயிலின் அழுத்தமாக மாற்றும் பாகம்) அழுத்த சென்சரைப் பற்றியது என்றாலும், அந்த சென்சரிலிருந்து வரும் மின்சைகை எதிர்பார்த்த அளவில் இல்லை என்பதை மட்டுமே அது தெரிவிக்கிறது. சென்சர், வயர், பிளக், மின்வழங்கல், கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவற்றுள் எது காரணம் என்பதை அது சொல்வதில்லை. அந்தக் குறியீட்டை எழுதி வைக்காமல் உடனே அழித்துவிடுவது அதைவிடப் பாதகமானது. பல வாகனங்களில் பழுது தோன்றிய நேரத்து வேகமும் வோல்ற்றளவும் அதனுடன் சேர்த்தே பதிவாகியிருப்பதால், அழிக்கும்போது அவையும் போய்விடும்.

பற்றறியைப் பார்க்காமல் வேலையைத் தொடங்குவதும் வழக்கமான தவறு. நல்ல நிலையிலுள்ள 12 வோல்ற் பற்றறி, வாகனம் ஓய்வில் இருக்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ற் காட்ட வேண்டும். அது தளர்ந்திருந்தால் பிறேக் கட்டுப்பாட்டுப் பெட்டி பொருத்தமற்ற பல குறியீடுகளை ஒன்றாகப் பதிவு செய்யக்கூடும்.

அடுத்து வயரிங். நமது ஊரில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரையோரமாக நிறுத்தப்படும் வாகனங்களின் பிளக்குகளில் உப்பு ஈரம் இறங்கி, செம்பை மெல்ல அரித்துவிடுகிறது. பொதுவாகத் தனியாகப் பொருத்தப்பட்ட சென்சருக்கு மூன்று வயர்கள் உண்டு: 5 வோல்ற் வழங்கும் வயர், ஏர்த் வயர், சைகை வயர். பிளக்கைக் கழற்றி, சாவியை ஒன் நிலையில் வைத்து, முதலிரண்டு வயர்களுக்கும் இடையே மல்ரிமீற்றரால் அளந்தால் ஏறத்தாழ 5 வோல்ற் கிடைக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் புதிய சென்சர் வாங்கிப் பயனில்லை, ஏனெனில் வயர் அறுந்திருக்கலாம், அல்லது அதே வழங்கலைப் பகிரும் வேறொரு சென்சர் ஷோர்ட் ஆகி அதைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கலாம். 5 வோல்ற் சரியாக இருந்தால் பிளக்கை மீண்டும் பூட்டி, அதன் பின்புறத்திலிருந்து மெல்லிய ஊசி முனையைச் செலுத்திச் சைகை வயரைப் பார்க்க வேண்டும். பல வாகனங்களில் மிதியை விட்ட நிலையில் அது 0.5 வோல்ற் அளவில் நின்று, மிதிக்க மிதிக்கச் சீராக உயரும். உயர்வின் நடுவே துள்ளினாலோ, வயரை அசைக்கும்போது மாறினாலோ, தொடுகையில் கோளாறு இருக்கலாம். அளப்பதற்காக வயரின் உறையைக் குத்தித் துளையிடுவதைத் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். அந்தச் சிறு துளை வழியாகவே உப்புக் காற்று நுழைந்து, சில மாதங்களில் அவ்விடத்திலேயே வயரை அரித்துவிடும்.

பிறேக் விளக்கு சுவிட்சை மறந்துவிடுபவர்களும் உண்டு. மிதி அழுத்தப்படவில்லை என்று சுவிட்ச் சொல்ல, அழுத்தம் இருக்கிறது என்று சென்சர் சொன்னால், எதை நம்புவது என்று அறியாத கட்டுப்பாட்டுப் பெட்டி சென்சர்மீது குறியீட்டைப் போட்டுவிடலாம். பின்விளக்குகள் மிதியுடன் ஒத்து எரிகின்றனவா என்று ஒருவரைப் பின்னால் நிறுத்திப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஸ்கானரில் நேரடி அளவைப் பார்க்கும்போது அழுத்தத்தின் அலகையும் கவனியுங்கள்: 1 மெகாபஸ்கல் என்பது 10 பார்.

சென்சரே பழுது என்று உறுதியான பிறகும் ஆபத்தான தவறுகள் எஞ்சியிருக்கின்றன. பல வாகனங்களில் இது ஏ.பி.எஸ். அலகினுள்ளேயே அமைந்திருப்பதால் தனியாகக் கழற்ற முடியாது. பாகம் தேடுவதற்கு முன்பே அதை அறிந்துகொள்ள வேண்டும். தனியாகக் கழலும் வகையாயினும், அதைக் கழற்றுவது பிறேக் ஒயில் செல்லும் பாதையைத் திறப்பதாகும், ஆகவே காற்றை முழுமையாக வெளியேற்றாமல் வாகனத்தை வீதியில் இறக்கக் கூடாது. பிறியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் வாகனங்களில் பிறேக் ஒயில் உயர் அழுத்தத்தில் சேமிக்கப்பட்டிருக்கும். சாரதிக் கதவைத் திறந்தாலே பம்ப் இயங்கத் தொடங்கக்கூடும். அழுத்தத்தை இறக்கும் முறையை அறியாத எவரும் அந்தக் குழாய்களில் ஸ்பனர் வைக்கவே கூடாது.

மஞ்சள் விளக்கு மட்டும் எரியும்போது பெரும்பாலான கார்களில் சாதாரண பிறேக் வேலை செய்யும் என்பதால், அப்படியே கந்தளாய் வழியாக ஹபரணைக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். மாடும் யானையும் குறுக்கே வரும் அந்த வீதியில், அதுவும் மார்கழி மழையில், ஏ.பி.எஸ். இல்லாமல் திடீரென மிதித்தால் சில்லுகள் இறுகி வாகனம் சறுக்கும். சிவப்பு விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ, மிதி மாறுபட்டு உணரப்பட்டாலோ, வாகனத்தை அங்கேயே நிறுத்திவிட்டு இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்ய வேண்டும்.

புதிய பாகம் பூட்டிய பின் பூச்சிய நிலை அமைப்பைச் (மிதி அழுத்தப்படாத நிலையின் அளவைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் பூச்சியமாகப் பதிவதை) செய்யாமல் விடுவதால்தான் சில வாகனங்கள் அதே விளக்குடன் திரும்பி வருகின்றன. அதை ஸ்கானர் மூலம், வாகனத்தை அசையாமல் நிறுத்தி, மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுச் செய்ய வேண்டும். சாய்வை உணரும் சென்சரையும் அதே வேளையில் அமைப்பதாக இருந்தால் உவர்மலை ஏற்றத்திலுள்ள வீட்டு வாசல் அதற்கு ஏற்ற இடமல்ல. சமதரையான இடத்துக்குக் கொண்டுபோங்கள்.