சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்புக்குக் கல்லூரி நிதி: விண்ணப்பிப்பது எப்படி?

அமெரிக்கக் கல்லூரியில் படிக்கும் மாணவருக்குக் கோடை விடுமுறையில் அரசு அலுவலகத்திலோ தொண்டு நிறுவனத்திலோ இன்டர்ன்ஷிப் கிடைத்தால், மகிழ்ச்சியோடு கவலையும் கூடவே வந்துவிடும். சம்பளம் இல்லை, வாடகைக்கு என்ன செய்வது? இந்தச் செலவை ஈடுகட்டவே பல கல்லூரிகள் தனி நிதி வைத்திருக்கின்றன. ஸ்மித் கல்லூரியின் பிராக்சிஸ், யேல் பல்கலைக்கழகத்தின் சம்மர் எக்ஸ்பீரியன்ஸ் அவார்டு ஆகியவை அப்படிப்பட்டவை. பெயரும் தொகையும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். விண்ணப்பக் கெடு மட்டும் பெரும்பாலும் பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் வந்துவிடும். மே மாதம் ஆஃபர் வந்த பிறகு பணம் தேடக் கிளம்பினால் பலன் இருக்காது. அதனால் முதலில் நிதியின் கெடுவைக் குறித்துக்கொண்டு, அதற்கேற்ப இன்டர்ன்ஷிப்பைத் தேடுங்கள்.

படி 1: உண்மையிலேயே சம்பளம் இல்லையா என்று பாருங்கள்

சீனியர்கள் சொன்ன பழைய தகவலை நம்பி முடிவெடுக்காதீர்கள். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் அலுவலகங்களுக்கு, இன்டர்ன்களுக்குச் சம்பளம் தருவதற்கென்றே 2019 நிதியாண்டு முதல் தனி ஒதுக்கீடு உண்டு. "இந்தக் கோடைக்கான ஒதுக்கீட்டில் மீதி இருக்கிறதா?" என்று நேர்முகத் தேர்வின் முடிவில் தயங்காமல் கேட்கலாம். பாதிச் சம்பளம் கிடைத்தாலும் அதைக் கல்லூரியிடம் மறைக்கக் கூடாது. சில நிதிகள் அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரும், சில நிதிகள் விண்ணப்பத்தையே நிராகரித்துவிடும்.

படி 2: நிதி இருக்கும் இடங்களைத் தேடுங்கள்

கரியர் சென்டரோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் துறை அலுவலகம், பொதுச் சேவை மையம், முன்னாள் மாணவர் சங்கம் ஆகிய மூன்று இடங்களிலும் தனித்தனியாகக் கேளுங்கள். ஃபாஃப்சா என்ற அரசு நிதியுதவி விண்ணப்பத்தை நிரப்பி, படித்துக்கொண்டே வேலை செய்து சம்பாதிக்க உதவும் மத்திய அரசுத் திட்டமான ஃபெடரல் வொர்க்-ஸ்டடிக்குத் தகுதி பெற்றவர்கள், வளாகத்துக்கு வெளியே உள்ள தொண்டு நிறுவனத்திலும் அரசு அலுவலகத்திலும் அதைப் பயன்படுத்த முடியும். அதற்குக் கல்லூரிக்கும் அந்த அலுவலகத்துக்கும் இடையே ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் மார்ச் மாதத்திலேயே நிதியுதவி அலுவலகத்தில் பேச்சைத் தொடங்குங்கள்.

படி 3: விதிகளோடு பொருத்திப் பாருங்கள்

அதிகமான விண்ணப்பங்கள் சறுக்குவது இங்கேதான். பெரும்பாலான நிதிகள் குறைந்தது எட்டு வாரம், வாரம் 30 முதல் 35 மணி நேரம் என்று கேட்கும். தொண்டு நிறுவனம் என்றால் 501(சி)(3) என்ற வரிவிலக்குத் தகுதி வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. வருமான வரித் துறையான ஐஆர்எஸ்ஸின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டு இதைச் சரிபார்க்கலாம். கொள்கைப் பிரசாரம் செய்யும் பல அமைப்புகள் 501(சி)(4) வகையைச் சேர்ந்தவை. அவையும் லாப நோக்கமற்றவைதான், ஆனாலும் அங்கே செய்யும் வேலைக்குச் சில நிதிகள் பணம் தராது. அதேபோல, ஒரு காங்கிரஸ் உறுப்பினரின் தொகுதி அலுவலகத்தில் வேலை செய்தால் அது அரசுப் பணி. அதே உறுப்பினரின் தேர்தல் பிரசார அலுவலகத்தில் வேலை செய்தால் அது கட்சிப் பணியாகிவிடும், நிதி கிடைப்பது அரிது.

மே மாதம் பட்டம் வாங்குபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஃபெடரல் (மத்திய அரசு) அலுவலகங்கள் பொதுவாக யாரிடமும் இலவச உழைப்பை வாங்கக் கூடாது என்பது சட்டம். மாணவர்களுக்கு விதிவிலக்கு உண்டு, அதற்கும் குறைந்தது அரைநேர மாணவராகப் பதிவு செய்திருக்க வேண்டும். அதனால்தான் அங்கே கல்லூரியிலிருந்து சேர்க்கைச் சான்று கேட்கிறார்கள்.

படி 4: ஆஃபர் கடிதத்தை முழுமையாக வாங்குங்கள்

"உங்களை இன்டர்னாகச் சேர்த்துக்கொள்வதில் மகிழ்ச்சி" என்று இரண்டு வரியில் வரும் மின்னஞ்சல் போதாது. லெட்டர்ஹெட்டில் வர வேண்டியவை இவை: தொடங்கும் தேதி, முடியும் தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வேலை நடக்கும் இடம், மேற்பார்வையாளரின் பெயரும் பதவியும், செய்யப்போகும் வேலை, சம்பளம் இல்லை என்ற தெளிவான வாசகம். மேற்பார்வையாளருக்கு நேரம் இருக்காது. நீங்களே வரைவு எழுதி அனுப்பினால் வேலை சீக்கிரம் முடியும். இப்படி ஒரு வரி இருந்தால் போதும்: "இவர் ஜூன் 2 முதல் ஆகஸ்ட் 8 வரை, பத்து வாரங்கள், வாரம் 35 மணி நேரம், ஊதியமின்றிப் பணியாற்றுவார்."

கெடுவுக்குள் ஆஃபர் வரவில்லை என்றால் விண்ணப்பத்தைக் கைவிடாதீர்கள். 'முடிவு நிலுவையில்' என்று குறிப்பிட்டு விண்ணப்பிக்கப் பல நிதிகள் அனுமதிக்கின்றன.

படி 5: பட்ஜெட்

வட்டமான தொகை எழுதினால் தேர்வுக் குழு நம்பாது. பத்து வாரத்துக்கு ஒரு மாதிரிக் கணக்கு: வாடகை வாரம் 300 டாலர் வீதம் 3,000, சாப்பாடு வாரம் 80 வீதம் 800, பஸ், ரயில் வாரம் 35 வீதம் 350, போய்வர 250. மொத்தம் 4,400 டாலர். வாடகைக்கு உண்மையான விளம்பரம் ஒன்றின் ஸ்க்ரீன்ஷாட்டை இணையுங்கள். வாடகை முன்பணம் திரும்பி வரும் தொகை என்பதால் அதைச் செலவில் சேர்க்க வேண்டாம். ஆனால் அந்தப் பணமும் முதல் நாளே கையில் இருக்க வேண்டும். நிதி எந்தத் தேதியில் வங்கிக் கணக்குக்கு வரும் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பட்ஜெட்டில் பலர் மறக்கும் செலவு ஒன்று உண்டு. சில அலுவலகங்கள் இன்டர்ன்ஷிப்புக்குப் பாடக் கிரெடிட் கட்டாயம் என்கின்றன, கோடைக் கிரெடிட்டுக்குக் கல்லூரி தனிக் கட்டணம் வாங்கும். சம்பளமும் இல்லாமல் கையிலிருந்தும் காசு போவது கொடுமை. கிரெடிட்டுக்குப் பதிலாக டிரான்ஸ்கிரிப்ட்டில் ஒரு குறிப்பு மட்டும் போட முடியுமா என்று ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் கேளுங்கள்.

படி 6: 'கோடைச் சம்பாத்தியம்' பற்றிப் பேசுங்கள்

பல கல்லூரிகளின் நிதியுதவிக் கணக்கில், மாணவர் கோடையில் சம்பாதித்துக் கொண்டுவர வேண்டிய தொகை என்று ஒன்று இருக்கும். சம்பளமில்லாமல் வேலை செய்துவிட்டு வந்தால் செப்டம்பரில் அந்த இடத்தில் ஓட்டை விழும். அதற்கு ஈடாக மானியம் தர முடியுமா என்று ஆஃபர் கடிதத்தோடு போய்க் கேளுங்கள். கேட்டவர்களுக்கே இது கிடைக்கும்.

படி 7: எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள்

வொர்க்-ஸ்டடி உங்களுக்குக் கிடையாது. ஃபெடரல் அலுவலகங்கள் பல குடியுரிமை கேட்கும். மாநில அரசு, நகராட்சி, தொண்டு நிறுவனம் என்று தேடுவது நல்லது. சம்பளம் இல்லாவிட்டாலும் சிபிடி (படிப்பின் பகுதியாக வெளியே வேலை செய்வதற்கான) அனுமதி வேண்டுமா என்று சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்காமல் முதல் நாள் வேலைக்குப் போகாதீர்கள். வேண்டுமென்றால், அனுமதி பதிந்த புதிய ஐ-20 (கல்லூரி தரும் விசாச் சான்று) கைக்கு வந்த பிறகே தொடங்க வேண்டும். முழுநேர சிபிடி மொத்தம் 12 மாதத்தைத் தொட்டால், அந்தப் படிப்பு நிலைக்கான ஓபிடி (படித்த துறையில் வேலை செய்யும் அனுமதி) போய்விடும்.

படி 8: வரி

கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் போகாத உதவித்தொகை வரிக்கு உட்பட்ட வருமானம். குடிமக்களுக்குப் பெரும்பாலும் பிடித்தம் இல்லாமல் முழுத் தொகையும் வரும், சம்பளத்தைக் காட்டும் டபிள்யூ-2 படிவமும் வராது. அதனால் வருமானத்தில் காட்ட மறந்துவிடுகிறார்கள். வரிக் கணக்கில் அமெரிக்காவில் வசிக்காதவராக (நான்-ரெசிடென்ட்) கருதப்படும் எஃப்-1 மாணவருக்குப் பொதுவாக 14 சதவீதம் பிடிப்பார்கள். 4,400 டாலருக்கு 616 போய் 3,784தான் கையில் நிற்கும். பட்ஜெட் போடும்போதே இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு, தொகையையும் பிடித்த வரியையும் காட்டும் 1042-எஸ் படிவம் வரும். வரிக்கணக்கு தாக்கல் செய்யும்போது, அதிகமாகப் பிடித்தது திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு.

ஃபாஃப்சா நிரப்பும் மாணவர்கள், வருமானமாகக் காட்டிய கல்லூரி உதவித்தொகையை அதற்கென உள்ள கட்டத்தில் தனியாக எழுதுங்கள். விட்டுவிட்டால் உங்கள் வருமானம் உண்மையைவிட அதிகமாகத் தெரிந்து, அடுத்து வரும் உதவி குறையக்கூடும்.