மட்டக்களப்பு மாரியில் பின்சில்லு இழுவைக் கார்: தயார்படுத்துவதும் ஓட்டுவதும்

ஐப்பசி பிறந்து வானம் கறுக்கத் தொடங்கினால் என்னிடம் வரும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணன், இந்தக் காரை மழைக்குள்ள எடுக்கலாமா?" எடுக்கலாம். என்னுடையது மஸ்டா ரோட்ஸ்டர், இரண்டாம் தலைமுறை. இரண்டு ஆசனத் துணிக்கூரைக் கார்; எஞ்சின் பின்சில்லுகளை மட்டும் சுழற்றும், அதைத்தான் பின்சில்லு இழுவை என்கிறோம். வெளிநாடுகளில் இதைத்தான் எம்எக்ஸ்-5 என்பார்கள். கல்லடியில், கடற்காற்று நேரே படும் இடத்தில் நிற்கிறது. மாரி முழுக்க ஓடுகிறது.

பின்சில்லு இழுவைக்காரை மாரியில் ஓட்டுவது பற்றி இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் பனி நாட்டு அறிவுரை. பனிக்கால ரயர் போடு, டிக்கியில் மணல் மூட்டை வை, சில்லுக்குச் சங்கிலி கட்டு என்பார்கள். நமக்கு உறைபனி கிடையாது. இருப்பது தேங்கிய தண்ணீர், காற்று அள்ளி வந்த கடல்மணல், உழவு இயந்திரம் தாரில் இழுத்துவிட்டுப் போன வயல் சேறு. ஆகவே வேலைகளின் வரிசையே வேறு. மழை தொடங்கிய பிறகு கராச்சுகளில் இடம் கிடைக்காது. புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள்.

ரயர்

வேறு எதற்கும் காசு இல்லாவிட்டாலும் இதற்கு ஒதுக்குங்கள். ஜப்பானிலிருந்து வரும் பழைய கார்களும் பழைய ரயர்களும் சில வேளை பனிக்கால ரயராக இருக்கும். ரயரின் பக்கச் சுவரில் 'ஸ்டட்லெஸ்' என்ற எழுத்தோ, மூன்று முகடுள்ள மலைக்குள் உறைபனிப் படிகம் போட்ட படமோ தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் மாற்றத்தான் வேண்டும். அந்த ரப்பர் 7 பாகைக்குக் கீழே மென்மையாக இருப்பதற்காகச் செய்தது. நமது மாரியின் குளிரான இரவிலும் வெப்பநிலை அந்தப் பக்கமே போகாது. நமது சூட்டில் அது குழைந்து, ஈரத் தாரில் பிடிப்பை இழந்து, வேகமாகத் தேயும். பூக்கள் (ரயரின் மேலுள்ள வெட்டுகள்) ஆழமாக இருப்பதைப் பார்த்து "நல்ல ரயர்" என்று கடைக்காரர் சொன்னாலும் வாங்காதீர்கள்.

அடுத்தது வயது. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. இவ்வகைக் கார்கள் அதிகம் ஓடுவதில்லை; அதனால் ரயர் தேய்வதற்கு முன்பே வெயிலில் காய்ந்து இறுகிவிடும். பார்வைக்குப் புதிது போலிருக்கும், ஈரத்தில் பிடிக்காது. பூ ஆழம் 1.6 மில்லிமீற்றர் வந்தால் ரயருக்குள்ளேயே இருக்கும் அடையாளக் கட்டைகள் பூவோடு சமமாகிவிடும். ஆனால் மழைக்கு 3 மில்லிமீற்றருக்குக் கீழே போக நான் விடமாட்டேன். ஆழம் அளக்கும் சின்னக் கருவி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணால் மதிப்பிடுவது சரிவராது. இரண்டு ரயர் மட்டும் மாற்ற முடிந்தால் புதியவற்றைப் பின்னுக்குப் போடுங்கள். முன்பக்கம் வழுக்கினால் கார் நேரே போகும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் கார் சுழலும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மழைக்குக் காற்றைக் குறைத்தால் பிடிப்புக் கூடும் என்று நமது பக்கத்தில் பலரும் நம்புகிறார்கள். கடற்கரை மணலில் புதைந்தால் அது சரி. தண்ணீர் நிற்கும் தாரில் நேர்மாறு. ரயர் தண்ணீரை வெட்டிக்கொண்டு தரையைத் தொட வேண்டும். காற்றுக் குறைந்த ரயர் தண்ணீரின் மேலே ஏறி மிதக்கும். நாசா விமான ரயர்களை வைத்துக் கண்ட ஒரு கணக்கு இருக்கிறது. அதன்படி பார்த்தால், ஆழமாகத் தண்ணீர் நிற்கும் இடத்தில் 26 பிஎஸ்ஐ காற்றுள்ள தேய்ந்த ரயர் ஏறக்குறைய 85 கிலோமீற்றர் வேகத்தில் மிதக்கத் தொடங்கும். 20க்கு இறக்கினால் அது 75க்கு வந்துவிடும். என் காருக்குக் கதவோரத்தில் எழுதியிருப்பது 26. அதில் ஒன்றையும் குறைப்பதில்லை.

அலைன்மென்ட்

இந்தக் காரில் பின்சில்லின் கோணத்தையும் திருத்தலாம். பல கடைகளில் முன்பக்கத்தை மட்டும் செய்துவிட்டு "சரி" என்று தாளை நீட்டுவார்கள். நான்கு சில்லுக்கும் அளந்து தரச் சொல்லுங்கள். பின்சில்லுகளின் முன்விளிம்பு கொஞ்சம் உள்ளே பார்த்தபடி இருக்க வேண்டும். வெளியே பார்த்தபடி இருந்தால், ஈரத்தில் பிறேக் அடிக்கும் போது பின்பக்கம் திடீரென்று ஒருபக்கம் போகும். ஓட்டுநர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அதைச் சரிக்கட்டுவது கஷ்டம்.

கூரையின் வடிகால்

துணிக்கூரைக் கார் வைத்திருப்பவர்கள் இதை ஆறுதலாக வாசியுங்கள். என்னைக் கூடுதலாக அலைக்கழித்த பிரச்சினை இது. மழை நின்று இரண்டு நாள் கழித்தும் காருக்குள் பூஞ்சண வாடை. ஆசனத்துக்குப் பின்னால் கம்பளத்தை அழுத்தினால் விரலிடுக்கில் தண்ணீர் ஊறும். கூரைத் துணியில் கிழிசல் இல்லை, கண்ணாடி ரப்பரும் நல்லது. தண்ணீர் வந்த வழி வேறு.

துணிக்கூரையின் பின்விளிம்பில் விழும் மழைநீரை ஒரு பீலி வாங்கி, இரு ஆசனங்களுக்கும் பின்னால் மூலையிலுள்ள துளைகள் வழியாகக் கீழே விடுகிறது. அங்கிருந்து குழாய் ஒன்று பின்சில்லுக்கு முன்னால், காரின் அடியில் போய் முடியும். அந்தத் துளை வேப்பம் சருகாலும் கடல்மணலாலும் அடைபட்டால் தண்ணீர் பொங்கிக் காருக்குள் இறங்கும். அதைவிட மோசம், கதவுக்குக் கீழேயுள்ள இரும்புப் பெட்டிக்குள் நின்று உள்ளிருந்தே துருவை வளர்க்கும். வெளியில் சின்னக் கொப்புளமாகத் தெரியும் போது உள்ளே இரும்பு போய்விட்டிருக்கும்.

இப்படிச் செய்யுங்கள். கூரையைப் பாதி திறந்து, மூலையில் விரலை விட்டுச் சருகை அள்ளுங்கள். அப்புறம் புல் வெட்டும் மெஷினுக்குப் போடும் தடித்த நைலோன் நூலில் ஒரு மீற்றர் வெட்டி, நுனியை நெருப்பில் காட்டி உருண்டையாக்கி, மெதுவாகச் சுழற்றிச் சுழற்றி இறக்குங்கள். மீன்பிடிச் சாமான் கடையில் கிடைக்கும் மொத்தத் தங்கூசியும் சரிவரும். இரும்புக் கம்பி வேண்டவே வேண்டாம், குழாயைக் குத்திக் கிழித்துவிடும். கம்பிரசர் காற்றும் வேண்டாம், குழாய் அடியில் கழன்றுவிடும். கழன்றால் தண்ணீர் நேரே இரும்புக்குள் போகும், உங்களுக்குத் தெரியவும் வராது. நூல் அடி வரை போனதும் ஒரு போத்தல் தண்ணீரை மெல்ல ஊற்றி, காருக்கடியில் குனிந்து பாருங்கள். ஊற்றிய வேகத்திலேயே ஒழுக வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் இன்னும் அடைப்பு இருக்கிறது. இரண்டு பக்கமும் செய்யுங்கள். மரத்துக்குக் கீழே நிறுத்துபவர்கள் மாரிக்குள் இன்னொரு தடவையும் பார்க்க வேண்டும்.

மற்றவை சுருக்கமாக

வைப்பர் ரப்பர் சித்திரை வெயிலிலேயே இறுகியிருக்கும், மாற்றிவிடுங்கள். சில நாள் ஓட்டாமல் விடுவதென்றால் சமதரையில் கியரில் போட்டு, சில்லுக்குக் கட்டை வையுங்கள், கைப்பிறேக் இழுக்க வேண்டாம். உப்புக்காற்றில் பின் பிறேக் தட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

கண்ணாடியில் ஆவி படிந்தால் விரலால் தொட்டுப் பாருங்கள். உள்ளே படிந்திருந்தால் ஏசியைப் போட்டுச் சூடான காற்றைக் கண்ணாடிக்கு விட வேண்டும். ஏசி ஈரத்தை எடுக்கும். வெளியே படிந்திருந்தால் கண்ணாடி அளவுக்கு மிஞ்சிக் குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம். வைப்பரை ஒரு தடவை அடித்து, குளிர் காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பிவிடுங்கள். நமது ஊர்ப் புழுக்கத்தில் இரண்டாவதுதான் அடிக்கடி நடக்கும்.

மணல் மூட்டை வேண்டாம். இந்தக் காரில் எடை முன்னும் பின்னும் ஏறக்குறையச் சமம். கட்டாத மூட்டை வளைவில் உருண்டால் வேறு ஆபத்து.

ஓட்டும் முறை

வலது கால்தான் எல்லாம். வளைவுக்குள் நுழையும் முன் வேகத்தைக் குறைத்து முடியுங்கள். வளைவுக்குள் அக்சிலேட்டரை ஒரே அளவில் பிடியுங்கள். ஸ்டியரிங் நேராக நேராகத்தான் காலை மெல்ல அழுத்த வேண்டும். பயந்துபோய்க் காலைச் சட்டென்று எடுப்பதும் தவறு. பாரம் முன்னுக்குப் போய்ப் பின்சில்லுகள் லேசாகிவிடும், கார் அந்த இடத்திலேயே திரும்பும். கியர் இறக்கும் போது கிளச்சை மெதுவாக விடுங்கள். படாரென்று விட்டால், கைப்பிறேக் இழுத்த மாதிரிப் பின்சில்லு இறுகும். ஈரத்தில் ஒரு கியர் கூட்டியே ஓடுவது நல்லது.

அப்படியும் பின்பக்கம் வழுக்கினால், போக வேண்டிய இடத்தைப் பாருங்கள், மதகையோ மரத்தையோ பார்க்க வேண்டாம். பின்பக்கம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பி, பிடித்ததும் உடனே நேராக்குங்கள். நேராக்கத் தாமதித்தால் மறுபக்கம் வீசும். மழை விட்ட பிறகு, சொந்தக்காரரிடம் கேட்டு, வெறும் வளவு ஒன்றில் குறைந்த வேகத்தில் பழகிப் பாருங்கள். வாசித்து வராது.

கவனிக்க வேண்டிய இடங்கள்: கோடைக்குப் பிறகு விழும் முதல் மழை, தாரில் ஊறிய ஒயிலை மேலே கொண்டுவரும். ரயில் கடவைத் தண்டவாளமும் வெள்ளைக் கோடும் ஈரத்தில் சவர்க்காரம் போல. அவற்றில் பிறேக்கும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம். இரவில் வயலெல்லாம் தண்ணீராக இருக்கும் போது மாடுகள் காய்ந்த இடம் தேடி நெடுஞ்சாலையில் வந்து படுக்கும், எருமையாக இருந்தால் லைற்றிலும் தெரியாது.

வீதிக்கு மேல் தண்ணீர் ஓடினால்

திரும்புங்கள். ஓடும் தண்ணீர் ஓரடி இருந்தாலே சின்னக் காரைத் தூக்கிவிடும், இரண்டடி பெரிய வாகனங்களையும் கொண்டு போகும். நமது கார்களுக்கும் தரைக்கும் இடையே ஒரு சாண் கூட இல்லை. அம்பாறை மாவட்டத்துக் கிட்டங்கி தாம்போதி (வெள்ளம் மேலால் பாயும் தாழ்ந்த பாதை) மாரிக்கு மாரி மூழ்குவது தெரியும்தானே. 2024 நவம்பரில் அதே மாவட்டத்து மாவடிப்பள்ளியில் வெள்ளம் உழவு இயந்திரத்தையே அடித்துக்கொண்டு போனது. அதில் வந்த மத்ரசா மாணவர்கள் உயிரிழந்தார்கள். "முன்னால ஒரு வேன் போயிட்டுது" என்பது ஒரு காரணமே இல்லை.

தேங்கிய தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் பண்ண வேண்டாம். உள்ளே தண்ணீர் போயிருந்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் கொனெக்டிங் ரொட் வளையும். தள்ளி வெளியே எடுத்து, பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். பின் டிபரென்சல் (இழுவையைப் பின்சில்லுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பற்சில்லுப் பெட்டி) ஒயிலையும் பார்க்க வேண்டும். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

பின்சேர்க்கை: அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பி, தன் ஹையேஸ் வேனுக்கும் இதெல்லாம் பொருந்துமா என்று கேட்டார். ரயர், காற்று, கால் பற்றிச் சொன்னவை அப்படியே பொருந்தும். ஆனால் வெறும் வேனில் பின்பக்கம் பாரம் குறைவு, வழுக்கல் சீக்கிரம் வரும். ஆட்களை ஏற்றும் போது முன் ஆசனங்களை மட்டும் நிரப்பாமல் பின்னுக்கும் இருத்துங்கள். காற்றழுத்தம் மட்டும் என் காரின் கணக்கல்ல, உங்கள் கதவோரத்தில் எழுதியிருப்பதைப் பாருங்கள்.