புல்லுக்கு வாடகை: சிஆர்பி ஒப்பந்தத்தில் விவசாயிகள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விட்மன் என்றொரு கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் போல). பலூஸ் குன்றுகள் அங்கேதான் இருக்கின்றன. காற்று அள்ளி வந்து குவித்த பொடிமண் என்பதால் கோதுமை கொழிக்கும். ஆனால் சரிவு அதிகம். பனி உருகி மழையும் சேர்ந்தால், உழுத சரிவில் விரலகலத்துக்குக் கோடு கோடாக மண் அறுந்து ஓடும். பல மேடுகளில் கருமண் போய், வெளிறிய களிமண் எட்டிப் பார்க்கிறது.

இப்படிப்பட்ட நிலத்தில் உழவை நிறுத்திப் புல் வளர்த்தால் அரசு வாடகை தரும். அதுதான் 1985-ல் வந்த சிஆர்பி (Conservation Reserve Program) என்ற நிலக் காப்புத் திட்டம். ஒப்பந்தம் 10 முதல் 15 ஆண்டு. வாடகை ஆண்டுக்கொரு முறை அக்டோபர் வாக்கில் வரும்; ஒருவருக்கு உச்சவரம்பு 50,000 டாலர்.

சும்மா போட்ட நிலத்துக்குக் காசு என்று நினைப்பதுதான் முதல் தவறு. விதைத்த ஆண்டே புல் எழும்பிவிடாது. நாட்டுப் புல் முதலில் வேரைத்தான் இறக்கும். அதற்குள் களை மூடிவிடும். புல் போடும் செலவில் பாதி வரை அரசு ஏற்கும். களையைக் கட்டுப்படுத்துவது விவசாயியின் பொறுப்பு. புல் பிடிக்காமல் களை மண்டினால் அது ஒப்பந்த மீறல்.

சரி, களைதானே என்று முழு நிலத்தையும் வழித்துவிடுபவர்களும் உண்டு. பார்வைக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று வெட்டவே கூடாது. பறவைகள் அடைகாக்கும் மாதங்களில் நிச்சயமாகக் கூடாது. அந்தத் தேதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். போன வருடத்துக் காய்ந்த தாளை விலக்கிப் பாருங்கள், அடியில் ஃபெசன்ட் கோழியின் ஒலிவ் நிற முட்டைகள் இருக்கும். வெட்டும் இயந்திரம் வரும்போதும் தாய்க்கோழி பல நேரம் கூட்டை விட்டு எழாது. இந்த விதியை வெறும் காகித விதியாகப் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வைக்கோலுக்கு வெட்டுவதும் மாடு விடுவதும் அனுமதியோடுதான். வறட்சி என்றாலும் கேட்டுவிட்டுத்தான் மாட்டை இறக்க வேண்டும்.

ஈக்விப் (Environmental Quality Incentives Program) என்ற இன்னொரு அரசுத் திட்டத்தில் வேலியோ தண்ணீர்த் தொட்டியோ அமைக்கச் செலவில் பங்கு தருவார்கள். இங்கே அவசரம்தான் எதிரி. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே குழி தோண்டிவிட்டால், விதிவிலக்கை முன்கூட்டியே எழுத்தில் வாங்காதவரை, அந்த வேலைக்குப் பணம் கிடைக்காது. வாய்மொழியாக யாராவது “ஆரம்பியுங்கள்” என்று சொன்னதை நம்பக் கூடாது.

பெரிய அடி விழுவது நிலத்தை விற்கும்போதுதான். ஒப்பந்தத்தை வாங்குபவர் ஏற்காவிட்டால் அது ரத்தாகும். அதுவரை வாங்கிய வாடகை முழுவதையும் வட்டியோடு விற்றவர் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். அதற்கு மேல் இழப்பீடும் உண்டு. ஒன்பது வருட வாடகையை மொத்தமாகத் திருப்பித் தர எந்தக் குடும்பத்தால் முடியும்? விலை பேசும் முன்பே கவுன்ட்டியின் பண்ணைச் சேவை அலுவலகத்தில் விசாரித்து, வாங்குபவர் ஒப்பந்தத்தையும் ஏற்கிறார் என்பதை விற்பனைப் பத்திரத்தில் எழுத வேண்டும்.

அப்புறம், ஒப்பந்தம் முடிகிற செப்டம்பர் 30. மறுநாளே கலப்பையைப் பூட்டலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். எளிதில் அரிக்கும் நிலமென்றால் அந்த மண்ணை எப்படிக் காப்பது என்ற செயல்திட்டத்துக்கு ஒப்புதல் வாங்கிய பிறகே உழ வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஒரு வயலுக்காக, அந்த விவசாயியின் மற்ற நிலங்களுக்கு வரும் அரசு உதவியும் நின்றுபோகலாம்.