திமிங்கலத்துக்கு யார் சொந்தக்காரர்? ஏழு டிஎன்ஏ வரிசைகளை வைத்து நீங்களே வம்சமரம் போடலாம்

என் முதல் மரத்தில் ஒட்டகமும் குதிரையும் கூடப்பிறந்தவை போல ஒட்டி நின்றன. திமிங்கலமும் நீர்யானையும் அடிமரத்திலேயே ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போயிருந்தன. எனக்கு அது நியாயமாகவே பட்டது. தண்ணீரில் கிடக்கிறவை தனியாகத்தானே நிற்கும்? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது: மரம் சரி, நான் படித்த விதம்தான் தப்பு.

படி 1: வரிசைகளை இறக்குங்கள்

டிஎன்ஏ வரிசைகளின் பொதுக் கிடங்கான ஜென்பேங்க் தளத்தில், மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சைட்டோகுரோம் பி மரபணுவைத் தேடி, ஃபாஸ்டா கோப்பாக (பெயரும் வரிசையும் மட்டும் கொண்ட எழுத்துக் கோப்பு) இறக்குங்கள். நான் எடுத்தவை: நீலத்திமிங்கலம், நீர்யானை, பசு, செம்மறி ஆடு, பன்றி, ஒட்டகம், குதிரை. பாலூட்டிகளில் இந்த மரபணு ஏறத்தாழ 1,140 எழுத்து நீளம். பதினாறாயிரத்துச் சொச்சம் எழுத்து வந்து விழுந்தால், முழு மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவையும் இறக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். அதிலிருந்து இந்த மரபணுவை மட்டும் வெட்டி எடுங்கள்.

குதிரை எதற்கு? மற்ற ஆறும் ஒரு குடும்பத்து ஆட்கள், குதிரை வெளியாள். வேண்டுமென்றேதான் சேர்க்கிறோம். காரணம் படி 4இல்.

படி 2: வரிசைகளை நேர்ப்படுத்துங்கள்

ஏழு வரிசைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக, எழுத்துக்கு நேர் எழுத்து வருமாறு அடுக்க வேண்டும். ஒரு எழுத்து நழுவினால் போதும், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்ட மாதிரி கடைசி வரை கோணல்தான். இதற்கு நான் மாஃப்ட் என்ற நிரலைப் பயன்படுத்துகிறேன். உலாவியிலேயே ஓடும், வேகமானது. வேலை முடிந்ததும் கண்ணால் ஒரு முறை பாருங்கள். இது புரதம் தரும் மரபணு, மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படுவது. நடுவில் ஒற்றை எழுத்து இடைவெளி தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

படி 3: மரம் போடுங்கள்

மரம் போட நான் பயன்படுத்தும் நிரல் ஐக்யூ-ட்ரீ. இதே வேலையைச் செய்யும் மெகா மென்பொருளில் பட்டன்கள் அதிகம், எனக்குப் பொறுமை குறைவு. எழுத்துகள் எந்த விகிதத்தில் மாறுகின்றன என்பதற்கான கணித மாதிரியை ஐக்யூ-ட்ரீயே தேர்ந்துகொள்ளும். பூட்ஸ்ட்ராப் 1,000 என்று கொடுங்கள். வரிசையின் நெடுக்குப் பத்திகளைச் சீட்டுக் குலுக்கிப்போட்டு எடுப்பதுபோல் ஆயிரம் முறை திரும்பத் திரும்ப எடுத்து, அதே கிளை எத்தனை தடவை வருகிறது என்று பார்க்கும் முறை இது; 1985இல் ஜோசப் ஃபெல்சன்ஸ்டைன் கொண்டுவந்தது. ஐக்யூ-ட்ரீயின் வேகமான பூட்ஸ்ட்ராப்பில் 95 சதவீதத்துக்குக் கீழே வரும் கிளையை நம்பி வீட்டில் சண்டை போடாதீர்கள்.

படி 4: வேர் வையுங்கள் (நான் சறுக்கிய இடம்)

வேர் என்றால் மரத்தில் எல்லாருக்கும் பொதுவான மூதாதை நிற்கும் இடம். முடிவுக் கோப்பில் ஒரு வரி இருக்கும்: இந்த மரத்துக்கு வேர் இல்லை, ஆனாலும் இன்ன உயிரினம் வேரில் வரையப்பட்டுள்ளது என்று. நான் அதைப் படிக்கவே இல்லை. நிரல் என்ன செய்கிறதென்றால், நீங்கள் வேறு எதுவும் சொல்லாவிட்டால் கோப்பில் முதலில் இருக்கும் ஆளை வேரில் வைத்து வரைந்துவிடுகிறது. என் கோப்பில் முதலில் இருந்தது திமிங்கலம். ஆகவே திமிங்கலம்தான் ஆதி என்பதுபோல் படம் வந்தது. மறுமுனையில் தள்ளப்பட்ட ஒட்டகமும் குதிரையும் ஜோடி சேர்ந்துவிட்டன.

ஏழு பேருக்கு வேரில்லா மரங்கள் 945 விதமாக அமையலாம். நிரல் அவற்றில் ஒன்றைத்தான் தேர்ந்து தருகிறது. அந்த ஒன்றிலும் வேரை வைக்க 11 கிளைகள் உண்டு. எந்தக் கிளை என்று டிஎன்ஏ தானாகச் சொல்லாது. வெளியாள் ஒட்டியிருக்கும் கிளைதான் காட்டிக்கொடுக்கும். மரத்தைப் படமாகக் காட்டும் ஃபிக்ட்ரீ நிரலில் அதைத் திறந்து, குதிரையின் கிளையைச் சொடுக்கி, ரீரூட் பட்டனை அழுத்துங்கள். அவ்வளவுதான். ஒட்டகம் குதிரையை விட்டு விலகி மற்ற ஐந்து பேர் பக்கம் வந்தது. திமிங்கலமும் நீர்யானையும் ஜோடியாயின.

ஒரு மரபணு சொல்வதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் இந்த ஜோடிக்கும், திமிங்கலம் இந்தக் குடும்பத்து ஆள்தான் என்பதற்கும் வேறு சாட்சிகளும் உண்டு. மரபுத்தொகுதியில் தாவிப்போய் ஒட்டிக்கொள்ளும் டிஎன்ஏ துணுக்குகள் இரண்டிலும் ஒரே இடங்களில் இருப்பதை 1999இல் ஜப்பானிய ஆய்வாளர் நொரிஹிரோ ஒகடாவின் குழு காட்டியது. பாகிஸ்தானில் கிடைத்த பழந்திமிங்கலங்களின் கணுக்கால் எலும்பு, ஆடுமாடுகளுக்கு இருப்பதுபோல் இரட்டைக் கப்பி வடிவில் இருப்பதாக 2001இல் வெளியான ஆய்வுகள் சொல்கின்றன.

பின்சேர்க்கை: ஒரு வாசகர் இரண்டு திமிங்கலங்களைச் சேர்த்தாராம், ஒரே பெயர் இரண்டு முறை வருகிறது என்று நிரல் நின்றுவிட்டதாம். சில நிரல்கள் பெயரை முதல் இடைவெளியோடு வெட்டிவிடும். பேரினப் பெயர் மட்டும் மிஞ்சினால் இரண்டும் ஒன்றாகிவிடும். இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு போடுங்கள்.

இன்னொன்று: "என் படத்தில் நீர்யானைக்கு அடுத்த வரியில் பன்றிதானே இருக்கிறது, பழைய புத்தகங்களும் அப்படித்தானே சொல்கின்றன?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நீர்யானையைப் பன்றியோடு வைத்த பழைய வகைப்பாடு உண்மைதான். ஆனால் படத்தில் மேல் வரி, கீழ் வரி என்பதற்கு அர்த்தமே கிடையாது. இரண்டு பெயர்களிலிருந்தும் கிளை வழியே பின்னோக்கி வாருங்கள். எங்கே சந்திக்கின்றன என்பதுதான் கணக்கு. ஃபிக்ட்ரீயில் நீர்யானையும் திமிங்கலமும் சந்திக்கும் கணுவைத் தேர்ந்து ரொட்டேட் அழுத்திப் பாருங்கள், இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். உறவு மாறாது.