ஊருக்குள் பூக்கும் பாலைப் பூவைப் பதிவு செய்யும் முறை

தென்னாப்பிரிக்காவின் வூஸ்டர் போன்ற, கரூ என்னும் வறண்ட நிலப்பகுதியின் விளிம்பிலுள்ள ஊர்களில், குளிர்கால மழை ஓய்ந்து வசந்தம் தொடங்கும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில், வீட்டுமனைகளுக்கு நடுவே விடுபட்ட கரட்டு நிலத்திலும் ஃபேகி எனப்படும் சதைப்பற்றுச் செடிகளின் பூக்களைக் காணலாம். அவை எங்கே தாமாக வளர்கின்றன என்று பதிவு செய்ய ஒரு கைப்பேசியும் குறிப்பேடும் போதும்.

வெயில் ஏறிய பிறகே புறப்படுங்கள். பெரும்பாலான ஃபேகிகள் நண்பகலை ஒட்டித்தான் இதழ் விரிக்கும். மேகமூட்டமான நாளில் மூடியே இருக்கும். அதற்கு முன் ஒருமுறை, 1945-இல் வூஸ்டருக்கு மாற்றப்பட்ட கரூ பாலைவனத் தேசியத் தாவரவியல் பூங்காவுக்குச் சென்று, பெயர்ப்பலகையுடன் நிற்கும் செடிகளைப் பார்த்து வருவது கண்ணைப் பழக்கும்.

செடியைக் கண்டதும் பறிக்காமல் படமெடுங்கள்: சுற்றியுள்ள மண்ணோடு முழுச்செடி, பூவின் முன்புறமும் பின்புறமும், இலை, உலர்ந்த காய். இலையை மிக அருகில் எடுக்க வேண்டும். பனித்துளி ஒட்டியதுபோல் மினுங்கும் நீர்ச்செல்கள் தெரிந்தால் அது டிரோசாந்திமம் என்ற ஃபேகிப் பேரினமாக இருக்கக்கூடும். மழை பட்டால் திறந்து விதை சிந்தும் அந்தக் காயும் இனங்காணப் பெரிதும் உதவும்.

அடுத்ததுதான் நகரத்தில் மிகக் கடினமான படி: செடி தானாக முளைத்ததா, நட்டதா? நம் வீட்டு முற்றங்களிலும் ஃபேகி வளர்க்கிறோம் அல்லவா? நானே ஒருமுறை வேலியோரச் செடிகளைக் காட்டுச்செடிகள் என்று பதிந்துவிட்டு, மறுவாரம் அவற்றினடியில் சொட்டுநீர்க் குழாயைக் கண்டு திருத்தினேன். வரிசை ஒழுங்கு, கொண்டுவந்து கொட்டிய மண், ஒரே வயதுச் செடிகள் ஆகியவை நட்டதைக் காட்டும். சிறிதும் பெரிதுமாகச் சிதறி, பாறை இடுக்கில் நாற்றுகளோடு நின்றால் தானாக வளர்ந்ததாகவே இருக்கலாம். ஐயமிருந்தால் அதையும் எழுதுங்கள்.

பிறகு, உயிரினப் பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படங்களை ஏற்றி, நாள், இடம், மண்ணின் தன்மை, செடிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சேருங்கள். அரிய செடியெனில் இடத்தை மறைக்கும் தெரிவைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். அப்போது பிறருக்கு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் உள்ள ஒரு சதுரப் பரப்பு மட்டுமே தெரியும். கோனோஃபைட்டம் போன்ற சதைப்பற்றுச் செடிகளைத் திருடி விற்போர் பெருகியுள்ள இந்நாட்டில், துல்லியமான இடத்தை வெளியிடுவது அச்செடியைக் காட்டிக்கொடுப்பதாகும்.

மறு ஆண்டு அதே வாரத்தில் அங்கே மீண்டும் செல்லுங்கள். செடி அழிந்திருந்தால், இல்லாததைப் புதிய பதிவாக ஏற்ற முடியாது என்பதால், பழைய பதிவின் கீழேயே நாளையும் காரணத்தையும் குறித்து வையுங்கள்.